செல்போன் பாடம் சொல்லும், பசி அறியுமா?

குற்றாலம் என்றதும் அருவி நினைவுக்கு வரும். சாரல் நினைவுக்கு வரும். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே கூட்டம் அலைமோதும்.

2020-ம் ஆண்டு அந்தக் கூட்டம் இல்லை. அருவி கொட்டியது; குளிக்கத்தான் ஆள் இல்லை. கொரோனா நோய்க்கு அஞ்சி ஊரே அடங்கிக் கிடந்தது. பள்ளிக்கூடங்களை மார்ச் மாதமே மூடிவிட்டார்கள்.

பிள்ளைகள் எப்படிப் படிப்பது?

"செல்போனில் படிக்கலாம்" என்றார்கள்.

ஒரு வீடு, ஒரு போன்

அதற்கு வழியும் இருந்தது. தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டு முதல் வந்த புதிய பாடப் புத்தகங்களைப் பாருங்கள். பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் நிறைந்த சிறிய கட்டம் ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் "கியூ.ஆர். கோடு". செல்போனை அதற்கு நேராகப் பிடித்தால், பாடத்துக்கான படமும் விளக்கமும் திரையில் வரும்.

ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால்? அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு வந்தால்?

2021-ல் நாட்டின் பல கிராமங்களில் "ஏசர்" என்ற கணக்கெடுப்பு நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் 100 பேரில் சுமார் 68 பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அந்த 68 பேரிலும் கால்வாசிப் பேருக்குப் படிப்பதற்குப் போன் கிடைக்கவே இல்லை!

மூன்று பேர் ஐம்பத்திரண்டு ஆனார்கள்

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் மத்தளம்பாறை. உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் மென்பொருள் விற்கும் "சோகோ" நிறுவனத்துக்கு இங்கே அலுவலகம் உண்டு. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, அமெரிக்காவில் இருந்து திரும்பி இங்கேதான் குடியேறினார்.

ஊரடங்கில் அவர் என்ன செய்தார்? மூன்று பிள்ளைகளை உட்கார வைத்து, தாமே பாடம் சொல்லித் தந்தார். 2020 முடிவதற்குள் பிள்ளைகள் 52 பேர் ஆனார்கள்; ஆசிரியர்கள் நான்கு பேர். பெரும்பாலும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். அதுவே பிறகு "கலைவாணி கல்வி மையம்" என்ற பள்ளியாக வளர்ந்தது.

நேரில் உட்கார்ந்து பாடம் சொன்னபோது ஓர் உண்மை புரிந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது! ஆகவே, சாப்பாடும் போட்டார்கள்.

மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவருக்குப் போனின் அருமை தெரியாதா? தெரியும். ஆனாலும், பிள்ளையின் வாடிய முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்க மனிதர்தானே வேண்டும்?

ஆய்க்குடியின் அதிசயம்

அப்படியானால் செல்போன் வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. அதே தென்காசிப் பக்கத்து ஆய்க்குடிக்கு வாருங்கள்.

இந்த ஊரைச் சேர்ந்தவர் ராமகிருஷ்ணன். என்ஜினீயரிங் மாணவர். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது. ஆனால் மனம் தளரவில்லை. 1981-ல் "அமர் சேவா சங்கம்" தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்தச் சங்கத்தின் ஊழியர்கள், உடல் குறையோ வளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தைகளின் வீடு தேடிப் போகிறார்கள். கையில் போன் அல்லது "டேப்லெட்" இருக்கும். குழந்தை உட்காருகிறதா, பேசுகிறதா என்று பார்த்து, அதில் பதிகிறார்கள். அதைச் சிகிச்சை நிபுணர் பார்க்கிறார். "அடுத்து இந்தப் பயிற்சி கொடுங்கள்" என்று வழி சொல்கிறார். ஊழியர் அதைத் தாய்க்குக் கற்றுக் கொடுக்கிறார்.

போன் இங்கே குழந்தையைத் தனியாக விட்டுவிடவில்லை. குழந்தையைத் தேடி ஆள் வருகிறார். அந்த ஆளுக்குப் போன் துணை நிற்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளையிடம் செல்போனைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை. பீடி சுற்றும் தாயானாலும், வயலுக்குப் போகும் தந்தையானாலும், தினமும் கால் மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியது இல்லை.

முதலில் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். பிறகு "இன்று என்ன படித்தாய்?" என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகள் போதும்!