மாற்றுக் கருத்துக்கு மறுமொழி வாள் அன்று



எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில், கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடத்தருகே, இளைஞர் ஒருவர் என்னிடம், "ஹஜ்ரத், தீனைப் பழித்தவரைக் கொன்றது குற்றமாகுமா?" என வினவினார். அவர் குறித்தது கோவை ஃபாரூக்கை. உடனிருந்தோர் முகம் நோக்கி நான் மௌனமானேன். ஆலிம் ஒருவன் அங்கே மௌனம் காத்தது பிழை. அவருக்குரிய விடையை இங்கே எழுதுகிறேன்.

2017 மார்ச் 16 இரவு, திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த 31 வயதான ஃபாரூக், கோவை உக்கடம் பகுதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பைப் பேசியவர் அவர். அக்கருத்தே கொலைக்குக் காரணம் எனக் காவல்துறை கூறியது. கைதானவர்களும் முஸ்லிம்களே.

மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் எங்கே? நம்பிக்கையில் நிர்ப்பந்தத்திற்கு இடமில்லை என்பது அல்பகரா அத்தியாயம் 256 ஆம் வசனத்தின் போதனை. ஃபிக்ஹு நூல்களில் தண்டனை கூறப்பட்டுள்ளதே என்பீர்களாயின், அந்நூல்கள் பேசுவது காழியின் விசாரணையைப் பற்றி. தெருவில் கத்தி ஏந்தும் உரிமையை அவை எவருக்கும் வழங்கவில்லை.

நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை, அண்ணல் நபி (ஸல்) அவர்களை இழிவாகப் பேசினான். அவனைக் கொல்ல உமர் (ரலி) அனுமதி கோரினார்கள், நபியவர்கள் மறுத்துவிட்டார்கள்.

ஆட்சியும் கொள்கையும் கைகோத்தால் விளைவதென்ன? கி.பி. 833 இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் தம் கொள்கையை அறிஞர்கள் மீது திணித்தார். ஏற்க மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறைப்பட்டார். அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் கசையடியும் பட்டார். இன்று நிலைத்திருப்பது எவர் வழி? அடித்தவர் வழியா, அடிபட்டவர் வழியா?

நாத்திகரான பெரியாரை மீலாது மேடைகளில் ஏற்றி, அவர் உரையைச் செவிமடுத்த சமுதாயம் நம்முடையது. அதனால் நம் ஈமான் குறைந்துவிடவில்லை. 2013 இல் தபோல்கரும், 2015 இல் பன்சாரேயும் கல்புர்கியும், 2017 இல் கௌரி லங்கேஷும் கொல்லப்பட்டபோது அநீதி என்றோம். ஃபாரூக்கிற்கு மட்டும் வேறு தராசு எடுப்போமாயின், நாம் நீதியின் பக்கம் நிற்பவர்கள் அல்லர். நம் கூட்டத்தின் பக்கம் நிற்பவர்கள்.

அக்கொலை சாதித்ததுதான் என்ன? மகனின் கொள்கையைத் தாமும் ஏற்பதாக அவர் தந்தை அறிவித்தார். தீனைக் காப்பதாக எண்ணி எடுத்த கத்தி, தொழுகையாளியின் இல்லத்தையே தீனிலிருந்து விலக்கியது.

சகோதரர்களே! மறுப்பவருக்கு விடை கூற அறிவைத் தேடுங்கள். அறிவு போதாவிடின் பொறுமையைத் தேடுங்கள். வல்ல நாயன் நம் நாவையும் கரத்தையும் அநீதியிலிருந்து காப்பானாக! ஆமீன்.