பேயைப் பார்த்த அண்ணாச்சி, மைக் பிடிக்கும் தம்பி: குற்றாலத்தில் ஓர் அமானுஷ்ய காமெடி பாட்காஸ்ட் நடத்தினால்?

தென்காசிப் பக்கம் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பேய்க் கதை இலவசம். "என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று ஆரம்பிக்கும் அண்ணாச்சியிடம், "அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். "எவன்டே நின்னு பாத்தான்? ஓடியாந்துட்டேன்" என்பார். மொத்தக் கடையும் சிரிக்கும். அந்தப் பெஞ்சில் ஒரு மைக்கை வைத்தால், அதுதான் அமானுஷ்ய காமெடி பாட்காஸ்ட்.

அமெரிக்காவில் 2011-ல் தொடங்கிய 'லாஸ்ட் பாட்காஸ்ட் ஆன் தி லெஃப்ட்' இந்த வகையில் பிரபலம். தமிழ் சினிமாவிலும் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) என்று பேயும் காமெடியும் கைகோத்து நடக்கின்றன. ஆனால், தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஃபார்மட் ரொம்பப் பழசு.

கோ-ஹோஸ்ட்டை அன்றே கண்டுபிடித்த வில்லுப்பாட்டு

சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு நடக்கும். நடுவில் கதை சொல்லும் அண்ணாவி. பக்கத்தில் உடுக்கை, குடம், தாளத்தோடு பக்கப்பாட்டுக்காரர்கள். இவர்கள் சும்மா "ஆமா" மட்டும் போடுவதில்லை. கேட்பவர் மனதில் எழும் சந்தேகத்தைக் கேள்வியாக்குவார்கள், நடுவில் கலாய்ப்பார்கள், கதை பயங்கரமாகும் இடத்தில் அமைதியாகிவிடுவார்கள். இன்றைய பாட்காஸ்ட்டில் கோ-ஹோஸ்ட் செய்யும் வேலையும் இதுதான்.

இன்னொரு விஷயம் முக்கியம். அநியாயமாகச் செத்தவர்களே இந்தக் கதைகளில் பலவற்றில் தெய்வமாகிறார்கள். பாபநாசம் மலைப்பகுதியின் முத்துப்பட்டன், பிராமணராகப் பிறந்து சாதி மீறி இரண்டு பெண்களை மணந்தவர்; மாடுகளைக் காக்கப் போய் உயிரை விட்டவர். அவருடைய சாவைச் சொல்லும்போது அங்கே யாரும் ஜோக் அடிப்பதில்லை.

விருந்தினரை எப்படிக் கேள்வி கேட்பது?

நெல்லை மண்ணின் எழுத்தாளர் புதுமைப்பித்தன் இதற்கு நல்ல வாத்தியார். 1943-ல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சென்னைத் தெருவில் எதிர்ப்பட்ட கடவுளை காபி குடிக்க அழைத்துப் போகிறார் பிள்ளை. தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கேட்கிறார். வந்திருப்பவர் கடவுளா இல்லையா என்ற விவாதத்தில் கதை மாட்டிக்கொள்வதில்லை. சிரிப்பு முழுக்க பிள்ளையின் நடைமுறைக் கணக்கில்தான்.

பாட்காஸ்ட்டிலும் அதே உத்தி. "பேய் இருக்கா, இல்லையா?" என்று கேட்டால் வருவது சண்டை. "அப்போ மணி என்ன? லைட் எங்க இருந்துச்சு? சாப்டீங்களா? கூட யாரு?" என்று கேட்டால் வருவது கதை.

அறிவியல் என்ன சொல்கிறது?

தூக்கத்தில் யாரோ நெஞ்சில் ஏறி உட்காருவதை ஊரில் 'அமுக்குவான்' என்பார்கள். மருத்துவத்தில் இதற்குப் பெயர் தூக்க முடக்கம். கனவு காணும் கட்டத்தில் உடல் தசைகளை மூளை தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கிறது. அது விலகும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, கனவின் மிச்சம் அறையில் உருவமாக நிற்கும். பெரும்பாலும் சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடங்களில் சரியாகிவிடும்.

இங்கிலாந்துப் பொறியாளர் விக் டாண்டி 1998-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தன் ஆய்வகத்தில் தெரிந்த சாம்பல் நிற 'உருவத்துக்கு', அங்கிருந்த மின்விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு காரணமாக இருக்கலாம் என்றார். பொதுவாக மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் கேட்கும். பெரிய அருவிகளும் இப்படிக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புகின்றன. அதற்காக, 'குற்றாலத்துப் பேய்க்கெல்லாம் அருவிதான் காரணம்' என்று முடிவு கட்ட முடியாது. டாண்டியின் விளக்கமே எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நிரூபிக்கப்படவில்லை.

எங்கே சிரிப்பை நிறுத்துவது?

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். 'பேய் பிடிச்சிருக்கு' என்ற ஒரு வார்த்தை ஒருவரை டாக்டரிடமிருந்து எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அந்தச் சம்பவம் சாட்சி. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, மனநலம் பாதிக்கப்பட்டவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது.

ஆக, பயந்து ஓடியவர் தன்னைத் தானே கலாய்த்தால் சிரிக்கலாம். பணம் பிடுங்கும் மந்திரவாதியையும் கலாய்க்கலாம். ஆனால், "எங்க அக்காவுக்குப் பேய் பிடிச்சு நாலு மாசமா தூங்கல" என்று ஒருவர் சொன்னால், அது எபிசோடுக்கான கன்டென்ட் இல்லை. ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐக் கொடுக்க வேண்டிய இடம் அது.

எங்கே ரெக்கார்ட் செய்வது?

ஜூன், ஜூலை சாரல் சீசனில் மெயினருவி பக்கம் மைக் வைத்தால் இரைச்சல்தான் பதிவாகும். அருவிச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவியிருப்பதால், எடிட்டிங்கில் அதை நீக்கினால் பேச்சும் சேர்ந்து சிதையும். எனவே, பேட்டியைத் தென்காசியில் ஓர் அமைதியான அறையில் எடுத்துவிட்டு, ஐந்தருவியின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து பின்னணியில் சேர்ப்பது நல்லது. சட்டைக் காலரில் மாட்டும் சாதாரண மைக்கே போதும். செண்பகாதேவி அருவி வனப்பகுதிக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் 'மிட்நைட் ஸ்பெஷல்' என்று கிளம்பினால், பேய்க்கு முன்னால் வனக்காவலர் வந்துவிடுவார்.

முதல் விருந்தினரைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். வீட்டில் ஆச்சி இருந்தால், அவரிடமிருந்தே தொடங்கலாம். ஒரே நிபந்தனை: அவர் சொல்லி முடிக்கும் வரை "ஆமா" மட்டும் போட வேண்டும்.