கணக்கில் வராத காட்டு மோட்டைகள்

இரணைமடுவில் இன்று எத்தனை அடி நீர் நிற்கின்றது என்று உருத்திரபுரத்து விவசாயி எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். 36 அடி என்றால் குளம் நிறைந்துவிட்டது. மாரி முடிவில் எஞ்சும் நீரைப் பொறுத்தே சிறுபோகத்தின் ஏக்கர் கணக்கு தீர்மானிக்கப்படுகின்றது. ஆனால் வன்னிக் காடுகளுக்குள் கிடக்கும் மோட்டைகளிலும் மடுக்களிலும் எவ்வளவு நீர் உண்டு என்பதனை அளப்பார் எவருமில்லை.

இத்தனைக்கும் நமது ஊர்களுக்குப் பெயர் தந்தவை அவைதாம். இரணை என்றால் இரட்டை. இரட்டை மடுவே இரணைமடு. வவுனியாவின் பாலமோட்டை போன்ற பெயர்களும், வில்லுகளால் பெயர்பெற்ற வில்பத்தும் அவ்வாறானவையே.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் வாடை மழையே இந்நீர்நிலைகளின் பிரதான வருவாயாகும். மே மாதத்தில் சோளகக் காற்று எழுந்ததும் செலவு ஆரம்பமாகின்றது. வறண்ட வலயத்தில் ஓராண்டில் ஆவியாகக்கூடிய நீர் பெய்யும் மழையை விஞ்சுவது. ஆழமற்ற மோட்டை அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமாயின் கரையில் மர நிழலும் அடியில் இறுகிய களியும் இருத்தல் அவசியம். காடு அழிக்கப்பட்டும் கிரவல் அகழப்பட்டும் வரும் இடங்களில் இவ்விரண்டுமே இல்லாமற் போகின்றன. மழையோடு அடித்துவரப்படும் மண் மோட்டையைத் தூர்த்துவிடுகின்றது.

முன்னோர் காட்டுக்குளத்தை வீணாக விட்டுவைக்கவில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த குளத்தொடரில் மேலேயுள்ள காட்டுக்குளத்துக்குத் துருசு வைக்கப்படுவதில்லை. அது வண்டலைத் தடுத்து, நிலத்தடி நீரை ஊட்டி, விலங்குகளின் தாகத்தைக் காட்டுக்குள்ளேயே தீர்த்தது. இலங்கையின் இக்குளத்தொடர் முறையை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக வேளாண் மரபுரிமையாக அங்கீகரித்தது. எனினும் துருசு இல்லாத குளத்துக்கு வயல் இல்லை. வயல் இல்லாததால் அதற்காகக் குரல்கொடுக்கக் கமக்காரர் அமைப்பும் இல்லை. 200 ஏக்கர் வரை நீர்பாய்ச்சும் சிறு குளங்களைக் கவனிக்கக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் உண்டு. ஓர் ஏக்கரும் பாய்ச்சாத மோட்டை எவருடைய கோப்பில் இருக்கும்?

விளைவு ஊருக்குள் வருகின்றது. வயலில் பயிர் நிற்கும் காலத்தில் காட்டோரம் கொண்டுசெல்லப்படும் பட்டி மாடுகள் தண்ணீரின்றித் திரும்புகின்றன. யானைகளும் நீர் தேடிக் குடிமனைகளை நெருங்குகின்றன. 2023இல் மாத்திரம் நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானை தாக்கி 150 பேருக்கு மேல் உயிரிழந்தனர். நீரின்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் வற்றிய மோட்டைக்கு இதில் பங்குண்டு. செட்டிகுளத்திலும் முசலியிலும் தமிழ், முஸ்லிம் மக்களின் கிணறுகளுக்கு அடியில் இருப்பது ஒரே நிலத்தடி நீர்தான்.

2016, 2017 வரட்சியில் கிராமங்களுக்குப் பவுசர்களில் நீர் ஏற்றப்பட்டது. 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. மேலே நீரைத் தாங்கும் பள்ளங்கள் தூர்ந்திருந்தால் மாரியில் வெள்ளம் விரைந்து வரும், கோடையில் வரட்சி முந்திக்கொள்ளும்.

ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் உள்ள மோட்டைகள் முதலிற் பதியப்பட வேண்டும். தூர்வாரும்போது களிப்படையை உடைத்துவிடலாகாது. உடைந்தால் நிறைந்த நீரும் சில வாரங்களில் இறங்கிவிடும். விலங்குகள் இறங்கி ஏறக்கூடிய சரிவும் பேணப்படுதல் வேண்டும். மருத மரங்களைத் தறிக்க இடமளிக்கலாகாது. மோட்டை காய்ந்து கிடக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. ஒக்டோபர் மழை இறங்கிவிட்டால் அடுத்த கோடை வரை அங்கு மண்வெட்டி வைக்க முடியாது.