பாட்டி வீட்டுத் திண்ணையை பார்க்க சென்னைக்கு டூர்! தட்சிணசித்ராவில் அப்படி என்னதான் இருக்கு?

ராஜபாளையம்:

லீவு விட்டாச்சு. "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்து விடுவார்கள். குற்றாலம், கொடைக்கானல் பார்த்து முடித்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்களுக்கு அடுத்த டூர் சென்னைதான். மெரினா, வண்டலூர் ஜூ, மாமல்லபுரம்... இதுதான் வழக்கமான லிஸ்ட்.

இந்த லிஸ்டில் பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. கிழக்கு கடற்கரை சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா.

'பார்க்' என்றதும் ஜெயண்ட் வீல், தண்ணி சறுக்கு என்று நினைச்சுடாதீங்க. அதெல்லாம் இங்கே கிடையாது. இங்கே இருப்பது வீடுகள். நம்ம தாத்தா, பாட்டி காலத்து வீடுகள்!

10 ஏக்கரில் 18 வீடுகள்

அமெரிக்காவில் பிறந்து, தமிழ்நாட்டு மருமகளாக வந்தவர் டெபோரா தியாகராஜன். 1984-ல் மெட்ராஸ் கிராப்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பை தொடங்கினார். அந்த அமைப்பு உருவாக்கியதுதான் தட்சிணசித்ரா. 1996 டிசம்பர் 14-ந்தேதி திறக்கப்பட்டது. கேரளாவில் சிக்கன வீடுகள் கட்டி பெயர் வாங்கிய லாரி பேக்கர் இதற்கு வடிவம் கொடுத்தவர்.

சுமார் 10 ஏக்கர் இடம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று நாலு பகுதியாக 18 வீடுகள். செட்டிநாட்டு வியாபாரி வீட்டின் மரத்தூண்களைப் பார்த்தால் அசந்து போவீங்க. திருநெல்வேலி பக்கத்து அக்ரகார வீடு, குயவர் வீடு, நெசவாளர் வீடு, கேரளா சிரியன் கிறிஸ்தவர்களின் மர வீடு எல்லாம் இருக்கு. ஆந்திர கடலோரத்து வட்ட வீடு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மூலை இல்லாத சுவர் என்பதால் புயல் காற்று மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும். படிக்காத ஜனங்கள் கண்டுபிடித்த என்ஜினீயரிங்!

வீட்டை தூக்கிட்டு வர முடியுமா?

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. முடியும்.

இடிக்கப்போகும் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றி வந்து, இங்கே மறுபடி பூட்டி இருக்கிறார்கள். பழைய தச்சு வேலையில் ஆணி குறைவு. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் முளை, நடுவில் ஆப்பு. அதனால் சேதாரம் இல்லாமல் கழற்றலாம். எந்த மரம் எங்கே இருந்தது என்று நம்பர் போட்டு, படம் வரைந்து வைத்தால் திரும்பப் பூட்டி விடலாம். மண் சுவரை மட்டும் பெயர்க்க முடியாது. அதைப் புதுசாகத்தான் எழுப்பணும்.

இப்படி வீடுகளை ஓர் இடத்தில் சேர்த்து வைக்கும் யோசனை உலகத்துக்குப் புதுசு இல்லை. சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி மியூசியத்தை 1891-லேயே தொடங்கி விட்டார்கள்.

தாத்தா, பாட்டிதான் கைடு

"கைக்காசைப் போட்டு பழைய வீட்டைப் பார்க்கணுமா? நம்ம தெருவிலேயே இருக்கே" என்று கேட்கலாம். சரி, உங்க தெருவில் திண்ணை வைத்த ஓட்டு வீடு இன்னும் எத்தனை நிற்குது? எண்ணிப் பாருங்க.

அதனால்தான் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிட்டுப் போகணும். எழுதி வைத்த போர்டை பிள்ளைகள் படிக்க மாட்டார்கள். ஆனால் "இந்த உரல்லதான் நாலு பேரு சேர்ந்து குத்துவோம்" என்று பாட்டி சொன்னால் வாயைப் பிளந்து கேட்பார்கள். சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுப் பிள்ளைக்கு பவர்லூம் சத்தம்தான் தெரியும். குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் குழித்தறியை தாத்தாதான் விளக்கணும். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஆந்திரா பகுதியில் சொல்ல நிறைய கதை இருக்கும். திருகை, உறி, குலுக்கை என்ற வார்த்தைகள் இன்னும் எத்தனை வருஷத்துக்கு வீட்டில் புழங்கும்? சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கணும்.

மண்பானை வனைதல், ஓலை பின்னுதல் போன்ற வேலைகளை பிள்ளைகள் கையால் செய்து பார்க்கலாம். சிலவற்றுக்கு தனிக் கட்டணம் உண்டு. முதலிலேயே விசாரித்து விடுங்க.

எப்படி போகலாம்?

பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகிறது. சாயங்காலம் ஏறினால் விடியும்போது சென்னை. திருவான்மியூர் வந்து, கிழக்கு கடற்கரை சாலையில் கோவளம், மாமல்லபுரம் போகும் பஸ்சில் முட்டுக்காட்டில் இறங்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போவது நல்லது. சுற்றிப் பார்க்க குறைந்தது 3 மணி நேரம் வேணும். வெயிலில் நடக்கணும் என்பதால் வயசானவர்களுக்கு குடை, தண்ணீர் பாட்டில் மறக்காதீங்க. போட்டிங் போக முட்டுக்காடு படகு குழாமும், அதே ரோட்டில் தெற்கே போனால் மாமல்லபுரமும் இருக்கு.

ஊர் திரும்பியதும்...

சென்னை போக வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலின் 11 நிலை கோபுரமும், திருமலை நாயக்கர் மஹாலும் உள்ளூரிலேயே இருக்கு. பிள்ளைகளை கையைப் பிடித்து கூட்டிட்டுப் போய் காட்டுங்க.

வீடுகள் கதைதான் வேறு. கோவிலை காப்பாற்ற அரசு இருக்கு. சாதாரண ஜனங்கள் வாழ்ந்த வீட்டுக்கு யாரும் இல்லை. மழைக்கு ஒழுகுது, பங்கு பிரிக்கணும், மாடி கட்டணும் என்று ஒவ்வொன்றாக இடிபடுகிறது. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஒழுகும் வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு நாள் செல்போனை எடுத்து நிலைப்படி, தூண், அடுப்படி, முற்றம் எல்லாவற்றையும் போட்டோ பிடித்து வையுங்க. எந்த மூலையில் யார் படுத்தாங்க, நெல்லை எங்கே கொட்டினாங்க என்று பெரியவர்களைப் பேசச் சொல்லி பதிவு பண்ணுங்க. நிலைக்கதவை எடைக்கு விலை பேசி விற்கும் முன், புது வீட்டில் பொருத்த முடியுமா என்று நல்ல தச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

அதற்கு ரயில் டிக்கெட் தேவை இல்லை!