நாய்க்கு எதற்கு சிடி ஸ்கேன்?

பேரணாம்பட்டு வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு நாய்க்கு இடது மூக்கில் மட்டும் ரத்தம் வடிகிறதாம். சென்னைக்குக் கொண்டுபோய் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். “எக்ஸ்ரே போதாதா? மனுஷ மெஷின் நாய்க்கு எதற்கு?” என்று கேட்கிறார்.

போதாது. எக்ஸ்ரே படத்தில் மண்டையின் இரண்டு பக்க எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நாயின் மூக்குக்குள் இருப்பதோ மெல்லிய எலும்புச் சுருள்கள். கட்டி அவற்றை அரிக்கத் தொடங்கியிருந்தாலும் அந்த நெரிசலில் கண்ணுக்குப் படாமல் போகலாம். ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் ஸ்பிளிட்டிங் மெஷின் தடித்த தோலை மேல்தோல், அடித்தோல் என்று பிரித்துத் தள்ளுவதைச் சிறுவயதில் பார்த்துக்கொண்டே நிற்பேன். சிடியும் தலையை அப்படித்தான் அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டுகிறது, கத்தி படாமல். எக்ஸ்ரே குழாய் சுற்றிவர, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் மறுபக்கம் வந்தது என்று அளந்து கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கொழுப்புக்கு ஏறக்குறைய −100. இது ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு.

அந்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர். சோதனைக் கருவியில் ஒரு படம் எடுக்க முதலில் 9 நாள் ஆனது. அதில் வைத்துப் பார்க்க லண்டன் பொதுப் போக்குவரத்தில் மாட்டு மூளைகளைச் சுமந்துகொண்டு போனதை அவரே எழுதியிருக்கிறார். முதலில் கிடைத்த மூளைகளுக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. வெட்டுமுன் மண்டையில் தாக்கி மயக்கியதால் வந்த வினை. அப்படித் தாக்காத யூத இறைச்சிக்கூடத்திலிருந்து வாங்கிய பிறகுதான் படம் தெளிந்தது. 1971 அக்டோபர் 1 அன்று முதல் மனித நோயாளி அந்த மெஷினில் படுத்தார். 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு. ஆக, மனிதனுக்கு முன்பே மாடு இந்த மெஷினைப் பார்த்துவிட்டது. மாட்டுத் தோலில் சோறு சாப்பிடும் நம் ஊர்களில், விலங்குக்கு எதற்கு இந்தச் செலவு என்ற கேள்வி வரும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஸ்கேன் ஓடவேண்டியதில்லை. ஸ்கேனுக்கு நாயை அசையாமல் கிடத்த மயக்க மருந்து வேண்டும். அது சின்ன விஷயமில்லை. நம் பக்கத்தில் மூக்கில் ரத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் கசியும். அதைக் காட்டிக்கொடுப்பது ரத்தப் பரிசோதனை. அது சரியாக இருந்து, ஒரே பக்கம் ரத்தமும் தும்மலும் நிற்கவில்லையென்றால் கட்டியோ பூஞ்சையோ இருக்கலாம், புல் துண்டு ஏதாவது உள்ளே சிக்கியும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல சிடி உதவும். பல வீடுகளில் அதற்குள் ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே மாதங்களைக் கரைத்துவிடுகிறார்கள். நம் மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் மோசம். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

பேரணாம்பட்டு நண்பரே, ரத்தப் பரிசோதனை முடிந்திருந்தால், அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சென்னைக்குக் கிளம்புங்கள்.