பட்டப் படிப்பும் பக்தியும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்து வெட்டுப்புள்ளியும் அறிவிக்கப்பட்டதும், ஒருகொடவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு விவாதம் எழுவதுண்டு. மகளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் தாயாருக்கு மனம் இசையவில்லை. விடுதியில் யாரோடு சேருவாளோ, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவாளோ என்று கலங்குகிறார். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அனுப்பினால் என்ன என்று மாமா ஒருவர் யோசனை சொல்கிறார். தகப்பனாரோ செலவை நினைத்து மௌனமாயிருக்கிறார்.

இக்கலக்கத்தை நகைத்துத் தள்ளுவது நியாயமன்று. இளமையில் கைவிட்ட வழிபாட்டைப் பலர் பின்னர் தேடிப் போவதில்லை. ஆயினும், கல்விக்கூடத்தின் வாயிலில் சிலுவை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்வதற்கு நமது சரித்திரம் இடங்கொடுக்கவில்லை.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். சுவிசேஷ ஊழியரை உருவாக்குவதே அவர்களுடைய முதல் நோக்கம். மாணவரிற் பலரோ ஆங்கிலங் கற்று உத்தியோகம் தேடிச் சென்றனர். மனங்குன்றிய மிஷன் தலைமை 1855இல் அதனை மூடிவிட்டது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த அவர் பின்னாளிற் சைவராகிக் கலித்தொகையை அச்சேற்றினார். ஆறுமுக நாவலரோ வெஸ்லியன் பாடசாலையில் பயின்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் உதவி, இறுதிவரை சைவராகவே நின்றார். பாதிரிமாருக்கு இவை தோல்விகள். தமிழுக்கு இவை பேறுகள்!

மறுபுறத்தையும் பார்ப்போம். கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள், பொரளை சென். பேர்னாட் குருமடத்திற் பயின்று, 1934இல் உரோமாபுரி சென்று, திருச்சபையின் ஊர்பன் பல்கலைக்கழகத்திற் கற்றார். 1938இற் குருவானார். கார்த்தேஜ் நகரத்துப் பண்டைய குருமாரைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர், வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியிலிருந்தபோது தமக்குத் தமிழ் போதாது என்று உணர்ந்தார். 1945இல், முப்பது வயது கடந்த குருவானவர், தில்லைக் கோபுரங்களுக்கு அணித்தாயுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். சங்கப் பாடல்களின் இயற்கை அங்கே அவருடைய ஆராய்ச்சிப் பொருளாயிற்று. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளரானார். உரோமையும் அண்ணாமலையும் அவருக்கு ஒன்றையொன்று விலக்கும் வழிகளாய் இருக்கவில்லை. தேவாரத்தை அவர் வியந்து பேசியதால் அவருடைய குருத்துவம் குறைந்துவிடவுமில்லை.

இக்காலத்துப் பெற்றோர் விசாரிக்க வேண்டியவை வேறு. பிள்ளை விரும்பும் பாடம் அங்கு உண்டா? கற்பிப்போர் யார்? அருகில் ஆலயமும், அன்புள்ள குருவானவரோ போதகரோ, சேர்ந்து ஜெபிக்கும் மாணவர் குழுவும் உண்டா? பேராதனை வளாகத்தில் விகாரையும் குறிஞ்சிக்குமரன் கோயிலும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயங்களும் இருக்கின்றன. தனிமையே விசுவாசத்தை அரிக்கும். மாற்று மதத்தவரின் தோழமை அரிப்பதில்லை. பகிடிவதைக் கொடுமை உண்டு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அதனைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே இயற்றப்பட்டது. துன்பம் நேரின் வாய்மூடியிராமல் முறைப்பாடு செய்யப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இறைபணியே தம் வழி எனத் தெளிந்த இளைஞருக்கு விடை வேறு. பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இறையியற் கல்லூரியில் பல திருச்சபைகளின் மாணவர் ஒன்றாய்ப் பயில்கின்றனர். வீட்டை விட்டகல இயலாதவருக்குப் பொரளையில், பீற்றர் பிள்ளை அடிகளார் 1954இல் நிறுவிய அக்குவைனாஸ் இருக்கிறது. ஒருகொடவத்தையிலிருந்து அது தொலைவன்று.

தாம்பரமே என்று தீர்மானிப்போர், 1837இல் ஆரம்பமான அக்கல்லூரியின் கீர்த்தியைக் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், விடுதிச் செலவு, மாணவர் விசா, போக்குவரத்து யாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது நன்று. பட்டம் இங்கே அங்கீகரிக்கப்படுமா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் பயணத்துக்கு முன்னரே கேட்டறிந்துகொள்ளட்டும். அந்தத் தாளைப் பிள்ளைக்குங் காட்டுங்கள், படிக்கப்போகிறவர் அவரல்லவா?