தெப்பக்குளத்தில் இரு சமன்பாடுகள்

இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவனிடம், அஃது ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பான். தேர்வு முடிந்ததும் சூத்திரம் மறந்துபோகும். 'நமக்குக் கணக்கு வராது' என்ற அச்சமோ ஆயுள் முழுதும் தங்கிவிடும். காரணத்தை அறிந்தால் இவ்வச்சம் நீங்கும்.

நம் மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தையே எடுத்துக்கொள்வோம். 1645-இல் திருமலை நாயக்கர் அமைத்தது. அதன் நீளம் அகலத்தைவிட ஏறத்தாழ 50 அடி மிகுதி. சுற்றளவு 3,900 அடி என்க. அகலம் எவ்வளவு? அதனை 'அ' எனக் கொண்டால், நீளம் அ + 50. நான்கு கரைகளும் சேர்ந்து 4அ + 100. இது 3,900-க்குச் சமம். தராசின் இரு தட்டிலிருந்தும் 100-ஐ எடுத்துவிட்டால், 4அ = 3,800; அ = 950. இஃது ஒருபடிச் சமன்பாடு.

இனி, சுற்றளவு தெரியாது. பரப்பு 9,50,000 சதுர அடி என்பது மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அ² + 50அ = 9,50,000. தெரியாத எண் இங்கே தனித்தும் வருகிறது, தன்னால் தானே பெருக்கப்பட்டும் வருகிறது. ஆகவே முன்போலக் கழித்தும் வகுத்தும் அதனைப் பிரித்தெடுக்க இயலாது.

இதற்கு வழி சொன்னவர் ஸ்ரீதரர். அவருடைய பீஜகணித நூல் இன்று கிடைக்கவில்லை. ஆயினும் அவர் விதியைப் பாஸ்கராசாரியர் 12-ஆம் நூற்றாண்டில் தம் நூலில் எடுத்துக்காட்டிக் காத்துத் தந்தார். வர்க்கத்தின் கெழுவைப் போல் நான்கு மடங்கால் இருபுறமும் பெருக்குக. 'அ'வின் கெழுவை வர்க்கமாக்கி இருபுறமும் கூட்டுக என்பதே அது. நம் கணக்கில் வர்க்கத்தின் கெழு 1. எனவே நான்கால் பெருக்க, 4அ² + 200அ = 38,00,000. 50-இன் வர்க்கமாகிய 2,500-ஐக் கூட்டினால், இடப்புறம் 2அ + 50 என்பதன் முழு வர்க்கமாகிவிடும். வலப்புறம் 38,02,500, அது 1,950-இன் வர்க்கம். எனவே 2அ + 50 = 1,950; அ = 950. முழு வர்க்கமாக்கிவிட்டால் இருபடி ஒருபடியாக இறங்கிவிடுகிறது; சூட்சுமம் அவ்வளவே.

குறை எண்ணாகிய −1,950-இன் வர்க்கமும் அதுவேயன்றோ? அதனைக் கொண்டால் அ = −1,000. அகலம் குறை எண்ணாக இராது. பாஸ்கரரும் இத்தகைய விடையை உலகம் ஒப்புவதில்லை என்று ஒதுக்கியதுண்டு. எனினும் குறியை நீக்கிப் பாருங்கள்: 1,000 அடி; குளத்தின் நீளம்! நாம் கேளாததையும் சமன்பாடு சொல்லிவிட்டது.

எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை இட்டு இவ்வழியே சென்றால், பாடநூலின் சூத்திரம் தானே வந்து நிற்கும். பெற்றோர்களே, ஆசிரியர்களே! சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லுமுன், ஒரு முறையேனும் அதனைப் பிள்ளைகளே கண்டடையச் செய்யுங்கள்.